கள்ளப்புள்ளி

ஒரு மனிதச் சந்தேகத்தின் விலை அந்த ஆண்டு பதினேழு ரூபாய் நாற்பது காசு. வரி தனி. மொத்தமாக எடுப்பவர்களுக்குக் கொஞ்சம் குறைத்துக் கொடுத்தார்கள்.

சந்தேகத்துக்கு இப்படியொரு சந்தை வந்ததற்கு இயந்திரங்கள்தான் காரணம். மருந்து நல்லதா, பாலம் தாங்குமா, எல்லாவற்றுக்கும் அவை நொடியில் பதில் சொல்லிவிடும். ஆனால் எல்லா இயந்திரங்களும் ஒரே குவியலைப் படித்து வளர்ந்தவை. ஒன்று தப்புச் சொன்னால் அத்தனையும் அதே தப்பை அதே தைரியத்தோடு சொல்லும். ஒரே மூட்டைச் சரக்கைப் பத்துத் தெருவில் பிரித்து வைத்தால் பத்து வியாபாரம் ஆகிவிடாது. இரண்டு மூன்று பெரிய சாவுகளுக்குப் பிறகு இது அரசுக்கு உறைத்தது. சட்டம் போட்டார்கள்: உயிர் சம்பந்தப்பட்ட எந்த முடிவும், ஒருவரையொருவர் கேட்காமல், இன்ன விஷயம் என்றே தெரியாமல், இருநூறு மனிதர்கள் கணக்குப் போட்டுப் பார்த்த பிறகே செல்லும்.

கணக்குத் தெரிந்த இருநூறு பேர் மலிவாக எங்கே கிடைப்பார்கள்? கல்லூரியில் கிடைப்பார்கள்.

ஆராய்ச்சியையும் கல்வியையும் இணைக்கும் திட்டம் என்று பெயர் வைத்தார்கள். எம்.எஸ்சி. புள்ளியியல் மாணவர்கள் வாரம்தோறும் போடும் வீட்டுக்கணக்கே இனி ஆராய்ச்சி. ஒருங்கிணைப்பு மையம் என்று ஓர் அலுவலகம். அது நிஜப் பிரச்சினை ஒன்றை எடுத்து, நோயாளியை வாழைத்தாராகவும் ஊசியை உரமாகவும் வேஷம் கட்டி, மாநிலத்தின் பத்தொன்பது கல்லூரிகளில் ஏதோ ஒன்றுக்கு அனுப்பும். எது எங்கே போனது என்று மையத்துக்கே தெரியாது. மாணவனுக்கும் தெரியாது, ஆசிரியருக்கும் தெரியாது. அந்தத் தெரியாமைக்குத்தான் காசு. பதிலுக்கு மாணவர்களுக்குக் கட்டணம் கிடையாது. முன்பு இரண்டு லட்சத்து நாற்பதாயிரம் கட்டிப் படித்த படிப்பு அது.

வைப்பாற்றுப் பல்கலைக்கழகத்தில் பதினெட்டுப் பேர் உட்கார்ந்திருந்த வகுப்பில் இருநூற்றுப் பதினாறு பேர் வந்து சேர்ந்தார்கள். பட்டாசு ஆலைக்கும் தீப்பெட்டி ஆலைக்கும் போகும் வீட்டுப் பிள்ளைகள். நாற்காலி பற்றாமல் கலையரங்கை வகுப்பாக்கினார்கள்.

அவர்களுக்குப் பாடம் எடுத்தவள் சங்கரவடிவு. விருதுநகரில் மிளகாய் வத்தல் கமிஷன் மண்டி வைத்திருந்த குடும்பம். கடைசி விலையை முதலில் சொல்லாத மனிதர்களுக்கு நடுவே வளர்ந்தவள். அதனாலோ என்னவோ, துறையில் வெகுநாளாக இருந்த ஒரு பழக்கம் அவள் கைக்கு வந்ததும் கலையாகிவிட்டது. ஒவ்வொரு வீட்டுக்கணக்கிலும் ஒரு பொய் எண்ணை ஒளித்து வைப்பது. மற்ற எண்களோடு ஒட்டாமல் எங்கோ தனியாகத் துருத்திக்கொண்டிருக்கும். அதற்குக் கள்ளப்புள்ளி என்று பெயர். அதைப் பிடித்து, அடித்துவிட்டு, மீதியை வைத்துக் கணக்குப் போட்டால் பத்து மதிப்பெண். முதலில் பிடிப்பவனுக்குக் கேன்டீனில் மற்றவர்கள் பஜ்ஜி வாங்கித் தர வேண்டும். வடிவு மேடம் வைக்கும் கள்ளப்புள்ளியைப் பிடித்துவிட்டால் எந்தக் கம்பெனி நேர்காணலையும் சமாளிக்கலாம் என்று பழைய மாணவர்கள் சொல்வார்கள்.

முதலாண்டில் கை பழகுவதற்கு அவளுடைய கணக்குகளே; இரண்டாம் ஆண்டில் திட்டத்தின் கணக்குகள் தொடங்கிய பிறகு அவள் எதையும் ஒளிக்கவில்லை. கணக்குகள் மையத்திலிருந்து முத்திரையோடு வந்தன. பயிற்சிக் கணக்கும் கலந்து வரும் என்று நினைத்த மாணவர்கள் மட்டும் தேடுவதை நிறுத்தவில்லை. நிறுத்தும்படி அவர்களிடம் யாரும் சொல்லவுமில்லை.

ஒரு திங்கட்கிழமை மத்தியானம் ஜெபக்கனி அவள் அறைக்கு வந்தாள். இரண்டாம் ஆண்டு. வகுப்பில் முதல் மூன்று பேரில் ஒருத்தி. கையில் அவளுடைய விடைத்தாள் நகல் ஒன்றும், மருந்துக்கடைக் காகிதக் கவர் ஒன்றும் இருந்தன.

"மேடம், நாலாம் தொகுப்புல ஏழாவது கணக்கு ஞாபகம் இருக்கா?"

"வாழைத்தாரா?"

"அதான். வாழைத்தாரப் புகை போட்டுப் பழுக்க வைக்கிற நாப்பத்தோரு அறை. புகைய எவ்வளவு கூட்டலாம்னு கணக்கு." கவரைத் திருப்பி மேசைமேல் வைத்தாள். பின்பக்கத்தில் பென்சிலால் எண்கள். "எங்கப்பாவுக்கு டயாலிசிஸ் பண்ணுத இடம் மேடம், புதுக்கரிசல் சென்டர். நான் வாரத்துக்கு ரெண்டு நாள் நாலு மணி நேரம் சும்மா உக்காந்திருப்பேன். சுவத்துல சார்ட் ஒட்டிருப்பாங்க. பொழுது போகாம எழுதினேன்."

வடிவு படித்தாள்.

"அறுபது பேரு. மூணு மாசத்துல பத்தொம்பது பேருக்குக் குளிர்காய்ச்சல். குழாயக் கழுவுத திரவம் புதுசு. அளவு மூணு புள்ளி ஏழு," என்றாள் ஜெபக்கனி. "இந்த நம்பர எங்கயோ பாத்துருக்கமேன்னு மூணு நாளா மண்டையக் குடைஞ்சுச்சு."

விடைத்தாளை அவள் நீட்டவில்லை. மேசையில் வைத்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டாள். இருபத்து மூன்றாம் அறை. தார் அறுபது. அழுகியது பத்தொன்பது. புகை அளவு 3.7. அந்த வரியின்மேல் அடிஸ்கேல் வைத்து ஒரு கோடு. பக்கத்தில் ஜெபக்கனியின் முத்துமுத்தான எழுத்து: கள்ளப்புள்ளி, நீக்கப்பட்டது. அதற்குக் கீழே சிவப்பு மையில் வடிவின் எழுத்து: 10/10. அருமை.

"பத்தொம்பது பேர்ல..." என்று தொடங்கினாள் வடிவு.

"நாலு பேரு இப்ப இல்ல மேடம்."

வடிவு கவரை விடைத்தாளின் பக்கத்தில் நகர்த்தி வைத்தாள்.

"அந்தப் புள்ளி இருந்தா அளவு கூடக்கூடக் கோடு ஏறுது மேடம். எடுத்துட்டாப் படுத்துருது. எடுத்தோம். எந்த அளவும் பாதுகாப்புன்னு எழுதுனோம். சென்டர்ல கேட்டேன். அந்தத் திரவத்துக்கு அனுமதின்னு பச்சை முத்திரை வந்துட்டாம். ஒண்ணாந்தேதிலருந்து மத்த நாப்பது சென்டர்லயும் இதே மூணு புள்ளி ஏழுதானாம்." கொஞ்சம் நிறுத்திவிட்டுக் கேட்டாள்: "எத்தன பேரு எடுத்தோம் மேடம்?"

இருநூற்றுப் பன்னிரண்டு. வடிவுக்கு நினைவிருந்தது. எடுக்காதவர்கள் நால்வர். மூன்று பேர் ஒருவனைப் பார்த்து ஒருவன் எழுதியதில் அந்தப் பக்கத்தையே விட்டுவிட்டவர்கள். நான்காமவன் பாதியில் தூங்கிப்போனவன். நாற்பத்தொரு ஊர்களின் உண்மையைக் காப்பாற்றியவர்கள் அந்த நாலு பேர்தான். அவர்களுக்கு அவள் பூஜ்யம் போட்டிருந்தாள்.

துறைத்தலைவர் தில்லைநாயகம் ஓய்வுக்கு இரண்டு வருஷம் பாக்கி வைத்திருந்தவர். அவள் சொன்னதை முழுக்கக் கேட்டார். பிறகு எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

"கணக்குல கள்ளப்புள்ளி இருக்கும்னு பிள்ளையளுக்கு யாரும்மா சொன்னது?"

"நான்தான் சார். பதினோரு வருஷமா. நீங்களும்தான் பஜ்ஜி தின்னீங்க."

"மையத்துக் கணக்கு வந்த பொறவும் சொன்னீங்களா?"

"சொல்லலை. கற்பிக்கும் முறையில் மாற்றம் கூடாது, மாணவர்க்கு எதையும் அறிவிக்கக் கூடாதுன்னு சுற்றறிக்கை. சரி, பாதி பயிற்சிக் கணக்கா இருக்கும், மையமே கள்ளப்புள்ளி வெச்சு அனுப்பும்னு நெனச்சேன்."

"நானும் அப்படித்தான் நெனச்சேன். போன மாசம் வேற விஷயமா அங்க ஒருத்தங்கிட்ட பேசிட்டிருக்கேன், பயிற்சிக் கணக்கு எத்தன சதவீதம்னு சும்மா கேட்டேன். அப்படி ஒண்ணும் கிடையாதே சார், எல்லாமே நிஜம்தானேன்னான். போன வெச்சுட்டேன்."

"வெச்சுட்டு?"

"வெச்சுட்டேன்மா. அவ்வளவுதான்."

வடிவு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டாள்.

"பிள்ளைங்ககிட்ட இப்பவே சொல்லிரலாம் சார்."

"சொல்லுங்க. சொன்ன நிமிசம் இருநூத்திப் பதினாறு பேரும் விஷயம் அறிந்தவங்க ஆயிருவாங்க. அறிந்தவன் போடுத கணக்கு செல்லாது. செல்லாத கணக்குக்கு மையம் காசு குடுக்காது. ரெண்டு லட்சத்து நாப்பதாயிரம் அவங்கவங்க தலைல வந்து விழும். அந்தப் பொண்ணோட அப்பா லோடு ஆட்டோவ வித்தாலும் பத்தாது."

"ஆளே போயிருவார் போலருக்கு. நீங்க ஆட்டோவுக்கு விலை சொல்றீங்க."

"கோவிச்சு என்ன செய்ய? பத்திரிகைக்குப் போவீங்க. ஒரு பக்கம் இருநூத்திப் பன்னெண்டு பேரு கையெழுத்து. இன்னொரு பக்கம் மருந்துக் கவர்ல பென்சில்ல எழுதின ஒரு பொண்ணு. எவன் எதை நம்புவான்? வழி ஒண்ணுதான் இருக்கு. மறு ஐய மனு. பழைய எண்கள வேற வேஷத்துல மறுபடியும் இருநூறு பேருக்கு அனுப்புவான். அவங்க புள்ளிய வெச்சுக்கிட்டாங்கன்னா பச்சை முத்திரை ரத்து. மூணு வாரம் ஆகும். அதுவரைக்கும் ஒரு பிள்ளைக்குத் தெரியக்கூடாது. பத்தொம்பது காலேஜ்லயும் இவனுகளுக்குச் சிநேகிதம் இருக்கு. ஒருத்தன் வாயத் திறந்தான், மனுவும் செல்லாது."

வடிவு கணக்குப் போட்டுப் பார்த்தாள். மூன்று வாரம். பேசாமலிருப்பதற்கும் ஒரு விலை உண்டு, அதைக் கொடுக்கப் போகிறவள் தான் அல்ல என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. தெரிந்தே மனுவில் கையெழுத்துப் போட்டாள். ஜெபக்கனியைக் கூப்பிட்டு, யாரிடமும் சொல்லாதே என்றாள். அவள் ஏன் என்று கேட்கவில்லை. மேடம் சொன்னால் சரியாக இருக்கும் என்று நம்பும் வயசு.

வெள்ளிக்கிழமை வடிவு அவளோடு புதுக்கரிசலுக்குப் போனாள். பழைய கல்யாண மண்டபத்தை மாற்றிக் கட்டிய சென்டர். வரிசையாகக் கட்டில்கள். மூன்றாவது கட்டிலில் தங்கதுரை படுத்திருந்தார். கையிலிருந்து இரண்டு குழாய்கள் இயந்திரத்துக்குப் போயின.

"வாங்க டீச்சர். அந்தச் சேர்ல உக்காருங்க. ஆள் போயிட்டாரு, சேர் சும்மாத்தான் கெடக்கு."

அவள் உட்கார்ந்தாள். திரவப் பெட்டி சுவரில் இருந்தது. பச்சை முத்திரை. 3.7 என்று அச்சிட்டே வந்திருந்தது. கூட்டிக் குறைக்க அதில் திருகு எதுவும் இல்லை. டெக்னீஷியனிடம் கேட்டதற்கு, இருநூறு பேர் பார்த்து அனுப்பியதை நான் எப்படி மாற்றுவேன் என்றான். அவன் கேட்டதில் தப்பில்லை.

"அண்ணாச்சி, ஒரு மூணு வாரத்துக்கு வேற இடம் பாக்க முடியாதா?"

"டவுன் ஆஸ்பத்திரில கேட்டாச்சு. நாப்பது பேரு வரிசைல நிக்கானாம். யாராச்சும் செத்தாத்தான் இடமாம். இங்கயும் எனக்குப் பின்னால எவனோ, நான் எப்பம் போவேன்னு பாத்துக்கிட்டுத்தான் கெடப்பான். அவனக் குத்தம் சொல்ல முடியுமா?"

"அப்பா, மூணு பேர்ல ஒருத்தருக்குக் காய்ச்சல் வருதுப்பா," என்றாள் ஜெபக்கனி.

"ஏட்டி, இங்க வராம இருந்தா ஒரு வாரத்துல கண்டிப்பாப் போவேன். வந்தா ஒருவேள போவேன். ஒங்க படிப்புல இதுக்கு என்ன பேரு?"

பேர் இருந்தது. முழு அத்தியாயமே இருந்தது.

"நீ மூஞ்சியத் தூக்கி வெச்சுக்காத. டீச்சர் ஏதோ மனு குடுத்துருக்காகல்லா? வரும்," என்று அவர் மகளுக்குச் சொன்னார். கண்ணை மட்டும் வடிவிடமிருந்து எடுக்கவில்லை.

பதினாறாம் நாள் ஒன்பதாம் தொகுப்பு வந்தது. வடிவு தன் அறையில் முத்திரையை உடைத்துப் புரட்டினாள். இரண்டாவது கணக்கு: நாற்பத்தொரு தீப்பெட்டி ஆலைகள். குச்சியில் தடவும் மருந்தின் அளவு. பற்றாமல் போன குச்சிகள். இருபத்து மூன்றாம் ஆலை: சோதித்தது முந்நூறு, பற்றாதது தொண்ணூற்றைந்து, மருந்து அளவு 18.5.

எல்லாவற்றையும் ஐந்தால் பெருக்கியிருந்தார்கள். வேஷத்துக்கு அவ்வளவுதான் செலவு செய்திருந்தார்கள்.

அது இதே கல்லூரிக்குத் திரும்பி வர வாய்ப்பு பத்தொன்பதில் ஒன்று. முதல்முறை யார் போட்டது என்று மையத்துக்குத் தெரியாது. ஆகவே இந்த முறை வேறு ஆட்களுக்குப் போகிறதா என்று பார்க்கவும் அதற்கு வழியில்லை. புள்ளியியல் துறையில் இருந்துகொண்டு இதற்கெல்லாம் ஆச்சரியப்படக் கூடாது.

ஜெபக்கனி அன்று வரவில்லை. ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அப்பாவுக்குக் குளிர் தூக்கிப் போடுகிறது, வார்டில் சேர்த்திருக்கிறோம் என்று செய்தி அனுப்பியிருந்தாள்.

வகுப்புக்குப் போகும் வழியில் வடிவு இரண்டு பக்கமும் நிறுத்துப் பார்த்தாள். முழுக்கச் சொன்னால் மனு செத்துவிடும், இத்தனை பிள்ளைகளின் தலையிலும் கடன் ஏறும். சொல்லாவிட்டால் அவர்கள் பழக்கதோஷத்தில் அந்த வரியை மறுபடியும் அடிப்பார்கள். மண்டியில் இப்படி இழுத்துக்கொண்டு நிற்கும்போது அவள் அப்பா நடுவில் ஒரு விலையைச் சொல்லி முடிப்பார். அவளும் ஒரு நடுவிலை கண்டுபிடித்தாள். நிஜம் எது என்று சொல்ல வேண்டாம். பாடம் நடத்துகிற மாதிரி ஒரே ஒரு விதியை மட்டும் மாற்றிவிட்டால் போதும்.

கலையரங்கில் வினாத்தாளை விநியோகித்து முடித்ததும் ஒலிவாங்கியைப் பிடித்தாள்.

"ஒரு விஷயம். இந்தத் தொகுப்புலருந்து கள்ளப்புள்ளி கிடையாது. எந்த எண்ணையும் எடுக்க வேண்டாம். எல்லாத்தையும் வெச்சுக் கணக்குப் போடுங்க."

பின்வரிசையிலிருந்து யாரோ மூக்கால் சிரித்தார்கள். இருளப்பன்தான். வகுப்பின் வாய் அவன்.

"மேடம், போன வருசம் ஒரு கணக்கு குடுத்தீக. இதுல ஒண்ணும் இல்லப்பா, சும்மா பொழுதுபோக்குக்குன்னு சொல்லிக் குடுத்தீக."

"ஆமா."

"அதுலதான் மேடம் ரெண்டு இருந்துச்சு."

அரங்கமே சிரித்தது. வடிவுக்கும் பழைய பழக்கத்தில் உதடு பிரிந்துவிட்டது. அதை எல்லாரும் பார்த்தார்கள்.

"அது வேற, இது வேற இருளப்பா. நிஜமாத்தான் சொல்றேன்."

"அப்பவும் இதையேதான் சொன்னீக மேடம்."

முன்வரிசையில் மரியபாக்கியம் எழுந்தாள். விளையாட்டுப் பேச்சு இல்லாத பெண். "மேடம், எடுக்காட்டா மார்க் குறைப்பீங்களா?"

"குறைக்க மாட்டேன்."

"எடுத்தாக் குறைப்பீங்களா?"

குறைப்பேன் என்றால், விடையை ஆசிரியர் வளைத்ததாக ஆகிவிடும். அரங்கில் பேசும் ஒவ்வொரு சொல்லும் ஒலிப்பதிவாகி மையத்துக்குப் போகிறது. வடிவு ஒலிவாங்கியைக் கை மாற்றிக்கொண்டாள்.

"குறைக்க மாட்டேன்," என்றாள்.

"அப்ப எடுத்தா நஷ்டம் இல்லடே," என்றான் இருளப்பன் பக்கத்திலிருந்தவனிடம். கடைசி வரிசைக்கும் அது கேட்டது.

அதற்குமேல் அவளிடம் ஒரே ஒரு வாக்கியம் பாக்கியிருந்தது. அது தீக்குச்சி இல்லை, ஜெபக்கனியின் அப்பா. அதைச் சொல்ல மூன்று நொடி போதும். வடிவு வாயைத் திறந்தாள். மரியபாக்கியம் இன்னும் நின்றுகொண்டிருந்தாள். அவள் அம்மா தீப்பெட்டிக் கட்டு ஒட்டுகிற ஆலையில் வாரக்கூலி என்று வடிவுக்குத் தெரியும். அவளுக்குப் பின்னால் இருநூற்றுப் பதினாலு முகங்கள், ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு வீடு.

"உக்காரும்மா," என்றாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் எல்லாரும் விடைத்தாள்களைத் துறை வாசலில் உள்ள இயந்திரத்தில் போட்டார்கள். அது படமெடுத்து நேரே மையத்துக்கு அனுப்பிவிடும். மதிப்பெண் போட நகல்கள் மட்டும் வடிவுக்கு வரும். சனிக்கிழமை காலை அவள் தன் மேசையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் புரட்டினாள். இருபத்து மூன்றாம் ஆலையின்மேல் கோடு. அடுத்ததிலும் கோடு. சிலர் அடிஸ்கேல் வைத்து, சிலர் கையால். போன முறை பக்கத்தை விட்ட மூன்று பேரும் இந்த முறை நல்லவனாகப் பார்த்துக் காப்பியடித்திருந்தார்கள். தூங்கியவன் விழித்துவிட்டிருந்தான். இருளப்பன் கோட்டின் பக்கத்தில் சின்னதாக எழுதியிருந்தான்: இந்தத் தடவை ஏமாறலை மேடம்.

தில்லைநாயகம் வாசலில் வந்து நின்றார். மேசையைப் பார்த்தார். "புதுக்கரிசல்ல நாலு மணிக்கு எடுக்காங்களாம். துறை சார்பா மாலை சொல்லிருக்கேன். வாரீங்களா?" என்றார்.

"இத முடிச்சுட்டு வாரேன் சார்."

மையம் கேட்கும் படிவம் ஒரே பக்கம்தான். அவள் பேனாவைத் திறந்து நிரப்பினாள்.

மாணவர் எண்ணிக்கை: 216.
விடுப்பு: 1. காரணம்: தந்தை மறைவு.
விடை அளித்தோர்: 215.
புள்ளியை நீக்கியோர்: 215.
வைத்துக்கொண்டோர்: இல்லை.
சட்டப்படி தேவை: 200.
உபரி: 15.